வானம்பாடி பாடாத வருஷங்கள்

இதுவா? பைனாகுலர். தூரத்தில் இருப்பதைப் பக்கத்தில் காட்டும். வாங்கிப் பாருங்கள், பரவாயில்லை. கொஞ்சம் சத்தமாகப் பேசுங்கள். இந்தப் பஸ்ஸின் இன்ஜின் போடுகிற கூச்சலில் பக்கத்து ஆள் பேச்சே காதில் விழுவதில்லை. புது பஸ் என்று பேர். எல்லாம் இப்படித்தான் ஆகிவிட்டது. டிவியில் செய்தி வாசிக்கிறவர்கள்கூட இப்போது வாய்க்குள்ளேயே முணுமுணுக்கிறார்கள்.

வேட்டையா? சேச்சே. பறவை எண்ணுகிறவன் நான். சிரிக்காதீர்கள், எல்லாரும் முதலில் சிரிப்பார்கள். சம்பளம் ஒன்றும் கிடையாது. வெள்ளகோவிலில் தறிக்குடோனில் மேஸ்திரியாக இருந்தேன். தெய்வசிகாமணி மேஸ்திரி என்றால் பழைய ஆட்களுக்குத் தெரியும். படிப்பு எட்டாவது. பறவை பேரெல்லாம் ஒரு படப் புத்தகத்தை வைத்துக்கொண்டு நானாகப் படித்தது.

கல்லாங்காடு பார்த்திருக்கிறீர்களா? நாம் தாண்டி வந்தோமே, கரண்டு எடுக்கிற காற்றாடி நிற்கிற இடத்துக்குத் தெற்கே, பொட்டல் மாதிரி. பொட்டல் இல்லை அது. புல்காடு. ஊர்ப் பொது மேய்ச்சல் நிலம். பார்க்கிறவனுக்கு ஒன்றுமில்லாத மாதிரி இருக்கும், உள்ளே இறங்கினால் காலடியிலிருந்து வானம்பாடி கிளம்பும். மரத்தில் கூடு கட்டாத பறவைகள். தரையில், புல்லின் அடியில், ஒரு மாட்டுக் குளம்பு பதிந்த குழி போதும் அதுகளுக்கு.

பறவைச் சங்கத்துக்காரர்கள் வந்து கேட்டார்கள். வருஷா வருஷம் மழைக்குப் பின்னால் இந்தப் பாதையில் நடந்து எண்ணித் தர ஆள் வேண்டும் என்று. ஒரு வருஷம் எண்ணினால் ஒன்றும் தெரியாதாம். நல்ல மழை பெய்தால் கூடும், வறண்டால் குறையும். அதே பாதை, அதே மாதம், அதே ஆள், வருஷக்கணக்காக எண்ணினால்தான் அந்தக் காடு தேறுகிறதா தேய்கிறதா என்று பிடிபடும். அதை வைத்து ஆடு விடலாமா, வேலி போடலாமா, சீமைக் கருவேலத்தை வெட்டலாமா என்று ஊர்க் கமிட்டி முடிவு செய்யும். அதே ஆள், அதுதான் முக்கியம். ஆள் மாறக்கூடாது. நான் மாறவில்லை. ஒரு வருஷம்கூட விட்டதில்லை. காய்ச்சலோடு போயிருக்கிறேன். என் சம்சாரம் போன வருஷமும் போனேன். அப்படி இருந்தவனை இன்றைக்குக் கூட்டம் போட்டு என்ன பண்ணினார்கள் தெரியுமா? அதைத்தான் சொல்ல வருகிறேன்.

முதல் பத்து வருஷம் ஒரு குறையும் இல்லை. வானம்பாடி, நெட்டைக்காலி, கதிர்க்குருவி எல்லாம் நிறைந்து கிடந்தன. சங்கத்துக்காரர்களே அசந்து போனார்கள். அப்புறம் சம்பூரணம் தவறிவிட்டாள். என் சம்சாரம். சர்க்கரை. காலில் ஒரு புண் வந்து, ஆறாமல், அப்படியே.

அந்த வருஷம் நடந்தேன். பறவையைக் காணோம். சரி, மழை தப்பிப் போச்சு என்று நினைத்தேன். அடுத்த வருஷம் நல்ல மழை. அப்போதும் காணோம். கவுதாரி கத்துகிறது, ஆட்காட்டி கத்துகிறது, மயில் ஊரையே எழுப்புகிறது. வானம்பாடி மட்டும் இல்லை. பத்து வருஷம் பார்த்துப் பார்த்து எண்ணினது. ஏதோ ஒன்று அதுகளைத் தின்கிறது என்று தேடினேன். தேடும்போது கண்ணில் பட்டது ஆடு.

பாவாயி என்று ஒரு அம்மா. செம்மறி ஆடு வைத்திருந்தாள், பெரிய பட்டி. கல்லாங்காட்டில்தான் மேய்ப்பாள், அவள் மாமியார் காலத்திலிருந்து. வாய் நீளம். நான் பைனாகுலரும் கழுத்துமாக வந்தால் போதும்.

“ஏனுங் மேஸ்திரி, ஊட்டுல பொழுது போகலீங்களா? வந்து சித்தெ ஆட்டைப் பாத்துக்குங்க, நான் போயி சோறாக்கிட்டு வர்றேன்” என்பாள்.

எனக்கு அவள் மேல் பகை ஒன்றுமில்லை. ஆனால் ஆடு புல்லைக் கரண்டுகிறது, பறவை குறைகிறது. ரெண்டும் கண் முன்னால் நடக்கிறது. நான் என்ன சொல்ல முடியும்? கமிட்டியில் சொன்னேன். என் எண்ணிக்கையைத் தவிர அவர்கள் கையில் வேறொன்றும் இல்லை. பேசிப் பார்த்து, கடைசியில் பாதைக்கு ரெண்டு பக்கமும் பெரிய வளைப்பாகக் கல்லுக்கால் நட்டுக் கம்பி வேலி போட்டார்கள். உள்ளே ஆடு மாடு கூடாது.

பாவாயி ரோட்டோரமும் வேலிக்கு வெளியே கல்லுக் கரட்டிலும் மேய்த்தாள். ரெண்டு ஆடு லாரியில் அடிபட்டது. மிச்சத்தில் பாதியை விற்றாள். மகன் திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போய்விட்டான். சந்தையில் என்னைப் பார்த்தால், “என்னுங்க மேஸ்திரி, உங்க குருவிக்கு எங்க ஆட்டு மேல இருந்த கோவம் தீந்துச்சுங்களா?” என்று நாலு பேர் கேட்கக் கேட்பாள். கேட்டுக்கொண்டு போவேன். பறவைக்காக நான் பொறுத்துக்கொண்டது அது.

பாருங்கள், வேலி போட்டும் பறவை வரவில்லை. புல் இடுப்பு உயரம் வளர்ந்தது. கருவேலம் தலை தூக்கியது. எண்ணிக்கை இன்னும் கீழேதான் போனது. நான் சொன்னேன், பொறுங்கள், கெட்டுப்போன காடு தேற நாளாகும், வேலியை இன்னும் கொஞ்சம் அகலமாகப் போடுங்கள் என்று. போட்டார்கள். மரியாதை இருந்தது அப்போது.

இந்த ஐப்பசியில் சங்கத்திலிருந்து பிருந்தா என்று ஒரு பெண் வந்தாள். கோயம்புத்தூர்ப் பெண், பறவையில் பெரிய படிப்பு. நல்ல பெண்தான், குறை சொல்லக் கூடாது. வெயிலுக்கு முகம் சுளிக்காது. “ஐயா, நானும் உங்ககூட நடக்கறேனுங்க. நீங்க தனியா எண்ணுங்க, நான் தனியா எண்ணறேன்” என்றது. நட அம்மிணி என்றேன்.

நடந்தோம். நான் ஒன்றிரண்டு வானம்பாடி பார்த்தேன். அந்தப் பெண்ணோ நின்ற இடத்திலெல்லாம் தலையைச் சாய்த்துச் சாய்த்துக் குறித்துக்கொண்டே வருகிறது. வேலிக்கு வெளியே, பாவாயி ஆடு மேய்த்த கரட்டுப் பக்கம் கூட்டிப் போனது. அங்கே குறித்தது கொஞ்ச நஞ்சமில்லை. எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. பறவை எண்ணப் பழகாதவர்கள் இப்படித்தான், ஒன்றையே ரெண்டு மூன்று தடவை எண்ணிவிடுவார்கள்.

அப்போது ஒரு வானம்பாடி வேலிக் கல் மேல் வந்து உட்கார்ந்தது. நல்ல பக்கத்தில். பைனாகுலரில் அதன் மூக்குக்குள் இருக்கிற நாக்குகூடத் தெரிகிறது. மார்பைத் தூக்குகிறது, வாயைத் திறக்கிறது, மூடுகிறது, திறக்கிறது. அந்தப் பெண் கண்ணை மூடிக்கொண்டு சிரிக்கிறது.

“கேக்குதுங்களா ஐயா?” என்றது.

என்னத்தைக் கேட்பது? பாட்டைக் காணோம். வாய் மட்டும் திறந்து திறந்து மூடுகிறது. எனக்கு எப்படி இருந்தது என்று சொன்னால் உங்களுக்குப் புரியாது. நான் நாலைந்து வருஷமாகவே சந்தேகப்பட்டுக்கொண்டிருந்தது கண்ணெதிரே நடக்கிறது. “எழுதிக்க அம்மிணி,” என்றேன். “குருவி பாடறதையே உட்டுருச்சு. காத்தாடி சத்தமோ, மருந்தடிச்ச புல்லைத் தின்னதோ, தொண்டை கெட்டுப்போச்சு. எழுதிக்க. இதெல்லாம் மேல தெரியோணும்.”

எழுதவில்லை. துக்க வீட்டுக்கு வந்தவர்கள் பார்க்கிற மாதிரி என்னைப் பார்த்தது. திரும்பி வரும்போது, ஜீப் பக்கத்தில் வந்த பிறகு, மெல்லச் சொல்கிறது:

“ஐயா, கோவிச்சுக்கக் கூடாது. ஒருதரம் காது டாக்டர்கிட்டக் காட்டிட்டு வரலாமுங்களா? நானே கூட வர்றேனுங்க.”

என்னிடம்! நாற்பது தறி ஓடுகிற குடோனில் முப்பது வருஷம் நின்றவன் நான். அந்த இரைச்சலுக்குள் எந்தத் தறியில் இழை அறுந்தது என்று நின்ற இடத்திலிருந்து சொல்வேன். பஞ்சு வைத்துக்கொள்கிறவர்களைக் கேலி செய்வேன், ஒருநாளும் காதில் பஞ்சு வைத்ததில்லை. அப்படிப் பழகின காது. இதை அந்தப் பெண்ணிடம் சொன்னேன். தலையைக் குனிந்துகொண்டது.

அதோடு முடிந்தது என்று நினைத்தேன். இன்றைக்குப் பஞ்சாயத்து ஆபீசில் கமிட்டி கூட்டம். வேலி இருக்கட்டுமா, எடுக்கலாமா என்று. தலைவர், சங்கத்து ஆட்கள், கோயம்புத்தூரிலிருந்து ஒரு புரபசர், ஆட்டுக்காரர்கள் எல்லாரும் இருந்தார்கள். பாவாயி முன் வரிசையில், சுருக்குப் பையை மடியில் வைத்துக்கொண்டு, கல்யாண வீட்டுக்கு வந்த மாதிரி.

அந்தப் பெண் சுவரில் படம் போட்டுக் காட்டியது. என் எண்ணிக்கையை எல்லாம் கோடாக இழுத்திருந்தது. கவுதாரி, ஆட்காட்டி, மயில், புறா இதுகளின் கோடு மட்டமாகப் போகிறது. வானம்பாடி, நெட்டைக்காலி, கதிர்க்குருவி இதுகளின் கோடு நேராக வந்துகொண்டே இருந்து, ஒரு வருஷத்தில் கிணற்றில் விழுந்த மாதிரி இறங்குகிறது. என் காதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. அந்த மட்டும் நல்ல வளர்ப்பு.

“மெல்லிய குரல் இருக்கற பறவைங்க மட்டும்தான் குறைஞ்சிருக்குதுங்க. ஆட்டாலன்னா தரையில முட்டை வெக்கற கவுதாரியும் குறைஞ்சிருக்கணுமே?” என்றது.

“கவுதாரி தைரியசாலி அம்மிணி, ஆட்டுக்கெல்லாம் பயப்படாது” என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். என் பக்கம்தான் சிரித்தார்கள் என்று நினைத்தேன்.

புரபசர் சிரிக்கவில்லை. கோடு விழுகிற இடத்தைக் காட்டி, “இந்த வருஷம் அங்க என்ன மாறுச்சு?” என்று கேட்டார்.

தலைவர்தான் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, “அந்த வருஷந்தானுங்க மேஸ்திரி ஊட்டுல தவறுனாங்க” என்றார்.

“அவங்களும் கூட நடப்பாங்களா?” என்றார் புரபசர்.

“வருவா,” என்றேன். “டாக்டர் நடக்கச் சொல்லியிருந்தாரு.”

“வந்து என்ன பண்ணுவாங்க?”

“சும்மா வருவா.”

அவ்வளவுதான் சொன்னேன். பாவாயி எழுந்துவிட்டாள். “சும்மா வந்தாங்களா? மேஸ்திரி, நெஞ்சைத் தொட்டுப் பேசுங்க. பத்து வருசம் நானு அக்கட்டால ஆட்டோட நின்னு பாத்தவ. செத்தவங்க வந்து சாட்சி சொல்ல மாட்டாங்கன்னு அவங்களைச் சும்மாங்கறீங்களே!”

அது எனக்குச் சுருக்கென்று தைத்தது. சம்பூரணத்தைக் குறைத்துப் பேச எனக்கு என்ன இருக்கிறது? சரி, உள்ளதைச் சொல்கிறேன், கேளுங்கள் என்று சொன்னேன். உங்களிடமும் சொல்கிறேன், இதில் என்ன தப்பென்று நீங்களே சொல்லுங்கள்.

அவள் எனக்குப் பின்னால், ஓரடி தள்ளி நிற்பாள். அவளுக்கு ஒரு பறவை பேரும் தெரியாது. எல்லாவற்றுக்கும் அவளாக ஒரு பேர் வைத்திருந்தாள். கதிர்க்குருவிக்குச் ‘சாவிக்கொத்து’. சாவியைக் குலுக்குகிற மாதிரி கிலுகிலு என்று போகுமாம். வானம்பாடியில் ஒரு ஜாதி விசிலடித்துக்கொண்டே மேலேயிருந்து விழும், அது ‘விசில்காரன்’. நெட்டைக்காலிக்கு ‘சிக்கனக்காரி’. ஒரு தரத்துக்கு ஒரு சத்தம்தான் போடுவாளாம், அதற்கு மேல் செலவு பண்ண மாட்டாளாம். நான் கண்டிப்பேன், விளையாட்டில்லை இது, பேரை ஒழுங்காகச் சொல் என்று. சொல்ல மாட்டாள். பேசினால் பறவை பறந்துவிடும் என்று நான் ஆரம்பத்திலேயே சொல்லி வைத்திருந்தேன். அதனால் வாயே திறக்காமல், பின்னாலிருந்து கையை நீட்டி என் தாடையைப் பிடித்து, எந்தப் பக்கமோ அந்தப் பக்கமாக மெல்லத் திருப்புவாள். கழுத்து நேரே நிற்கிற இடத்தில் பைனாகுலரைத் தூக்கினால், பறவை அங்கே இருக்கும். அது என்ன பறவை என்று நான் பார்த்துச் சொல்வேன். மறுபடி திருப்புவாள். இப்படியே பாதை முழுக்க. வீட்டுக்கு வந்தால் தாடையில் மஞ்சள் ஒட்டியிருக்கும்.

எப்படித் திருப்புவாள் என்று தலைவர் தாடையைப் பிடித்தே காட்டினேன். அவர் நான் திருப்பின பக்கம் திரும்பினார். ஒருத்தரும் சிரிக்கவில்லை.

“அவ கை மட்டும்தான் காட்டுனா,” என்றேன். “எண்ணினது பூரா நான்.”

அந்தப் பெண் பிருந்தா முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டது. பாவாயி உட்கார்ந்துவிட்டாள். புரபசர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நான் விளக்கமாகச் சொல்லிவிட்டேன், இனி யாரும் ஒன்றும் கேட்க முடியாது என்று நினைத்தேன். யாரும் கேட்கவும் இல்லை. அதற்கப்புறம் எல்லாம் மளமளவென்று முடிந்துவிட்டது. வேலியைப் பிரிக்க வேண்டியது. கருவேலத்தை வெட்ட வேண்டியது. ஆடுகளை முறை வைத்து உள்ளே விட வேண்டியது. புல் கட்டையாக மேய்ந்து கிடந்தால்தான் வானம்பாடி இறங்குமாம், வெளியே கரட்டில் அந்தப் பெண் எண்ணினதை வைத்துச் சொல்கிறார்கள். என் எண்ணிக்கையில் முதல் பத்து வருஷம் நிற்கும். அதற்கும் என் பேரோடு சம்பூரணம் பேரும் சேரும். அவள் போன பிறகு நான் எண்ணின வருஷங்களைக் கணக்கில் சேர்க்க வேண்டாம் என்று முடிவு.

எப்படி இருக்கிறது பாருங்கள். ஒரு ஆள் எனக்காகப் பேசவில்லை. நான் என்ன பொய்யா எழுதினேன்? பார்த்ததை எழுதினேன், கேட்டதை எழுதினேன். இல்லாததை இல்லை என்று எழுதினேன். எத்தனை நாள் அந்த வேலிக்குள் ஒரு பூச்சிச் சத்தம்கூட இல்லாமல் நின்றிருக்கிறேன் தெரியுமா? தறி நிறுத்தின குடோன் மாதிரி. அதையெல்லாம் அடித்துவிட்டார்கள்.

கோபமாகத்தான் வெளியே வந்தேன். பஸ் ஏறி உட்கார்ந்ததும் அந்தக் கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை. அசதியாக இருக்கிறது. அடிக்கட்டுமே. அவள் இல்லாத வருஷங்கள்தானே. நான் அங்கே நடக்கவே இல்லை என்று சொன்னாலும், எனக்கு ஒன்றும் பெரிய வித்தியாசம் தோன்றவில்லை.

இல்லை, அதோடு விடவில்லை அவர்கள். நான் செருப்பை மாட்டிக்கொண்டிருக்கும்போது அந்தப் பெண் ஓடி வந்தது.

“ஐயா, வர்ற வருசமும் நீங்கதான் எண்ணோணும். பாதை உங்களுக்குத்தான் தெரியும். பறவையப் பாத்தவுடனே பேர் சொல்ல உங்களாட்டம் இங்க ஆள் இல்லீங்க. கூட ஒருத்தர் மட்டும் வருவாங்க.”

“ஆரு?”

பாவாயியைக் காட்டியது.

எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. “இந்தம்மாவா? குருவிக்கும் கோழிக்குஞ்சுக்கும் வித்தியாசம் தெரியுமா?” என்றேன்.

“எங்களுக்கு எதுக்குங்க வித்தியாசம்? எங்க கத்துதுன்னு சொன்னாப் பத்தாதா?” என்றாள் பாவாயி. “ஆனா ஒண்ணு, ஆட்டை ஆரு பாக்கறது? ஆட்டோட வர்றதுன்னா வர்றேன், இல்லாட்டி மேஸ்திரியும் நீங்களுமே போங்க.”

“ஆட்டோடவே வாங்கம்மா” என்கிறது அந்தப் பெண்!

கேட்டீர்களா? ஒரு பட்டி ஆட்டைக் கூட்டிக்கொண்டு பறவை எண்ணுவது! உலகத்தில் எங்கேயாவது நடக்குமா? முடியாது என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். ஆனால் போகாமல் வீட்டில் உட்கார்ந்து என்ன செய்வது? மழை பெய்து புல் துளிர்த்தால் கால் தானாக அந்தப் பக்கம் போகும். வேறு எவனாவது அந்தப் பாதையில் நடப்பதை நான் ரோட்டில் நின்று பார்க்க வேண்டுமா?

என்னுங்க? ஓ, முத்தூர் பிரிவு தாண்டிவிட்டதா? அப்போது அடுத்தது நான் இறங்க வேண்டியதுதான்.

வர்றேன் என்றுதான் சொல்லியிருக்கிறேன். பாவாயி வரட்டும், ஆட்டோடே வரட்டும். பறவை இருக்கிற பக்கம் கையை நீட்டட்டும், நான் பார்த்துச் சொல்கிறேன். ஆனால் அந்தம்மா முன்னால் நடக்க வேண்டும் என்று சொல்லிவிட்டேன். எனக்குப் பின்னால், ஓரடி தள்ளி, யாரும் நிற்கக் கூடாது. ஏதாவது எடக்காகப் பேசுவாள், திருப்பி ரெண்டு வார்த்தை கொடுக்கலாம் என்று நின்றேன்.

“செரீங்க மேஸ்திரி,” என்றாள். “நானு முன்னாலயே போயிக்கறேன்.”